ஆய்வுக்குப் புள்ளி போடாதீர்கள்

(கொழும்பு வெள்ளவத்தையில் இளம் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் முறைசார் மீளாய்வு ஒன்றை, அதாவது ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளைத் தேடித் தரம் பார்த்துத் தொகுக்கும் வேலையை, தொடங்கும் நிலையில் இருக்கிறீர்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

புறக்கோட்டைக் கடையொன்றில் தராசு கிலோவுக்கு 50 கிராம் தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள். அதிலே பத்துத் தரம் நிறுத்துச் சராசரி எடுத்தாலும் நிறை சரிவராது. பிழையான நிறையை இன்னும் உறுதியாகச் சொல்லுவோம், அவ்வளவுதான். பக்கச்சார்புள்ள, அதாவது முடிவை ஒரு பக்கம் சாய்க்கும் குறையுள்ள, ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டும்போதும் இதுவே நடக்கிறது. நோயாளிகளின் தொகை கூடக்கூட நம்பிக்கை இடைவெளி (உண்மையான பலன் இருக்கக்கூடும் என்று கணக்கிடும் வீச்சு) ஒடுங்கும். பக்கச்சார்பு அப்படியே கிடக்கும்.

அப்படியானால் ஒவ்வொரு ஆய்வுக்கும் தரப்புள்ளி போட்டால் போதாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1999 இல் யூனி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் புதிய வகையைப் பழையதோடு ஒப்பிட்ட 17 பரிசோதனைகளை எடுத்து, அவற்றை 25 தர அளவுகோல்களால் அளந்தார்கள். சில அளவுகோல்களின்படி, தரமான ஆய்வுகளில் புதிய வகை ஹெப்பாரினுக்கு மேலதிகப் பலன் இல்லை. வேறு சிலவற்றின்படி, தரமான ஆய்வுகளில்தான் பலன் இருந்தது! அதே 17 ஆய்வுகள்தான். எதை அளக்கிறோம் என்று தெளிவில்லாமல் எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் கூட்டிவிட்டால் வரும் வினை இது.

ஆய்வுகளில் பக்கச்சார்பு இருக்கும் அபாயத்தை மதிப்பிட கொக்ரேன் அமைப்பு தரும் கருவியின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் புள்ளி கேட்பதில்லை. எழுமாற்று ஒதுக்கீடு (யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்வது), திட்டமிட்ட சிகிச்சையிலிருந்து விலகல், விடுபட்ட தரவு, விளைவை அளந்த விதம், எந்தப் பெறுபேற்றை அறிக்கையிடத் தெரிவு செய்தார்கள் என்பது என ஐந்து களங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒரு களத்தில் அபாயம் அதிகம் என்றால் அந்தப் பெறுபேற்றின் தீர்ப்பே அதுதான். மற்ற நான்கின் நற்பெயர் அதை ஈடுசெய்யாது.

முதற்களத்தில்தான் அவசரப்படுகிறோம். 'எழுமாற்றாகப் பிரித்தோம்' என்ற வரியைக் கண்டதும் சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்று சேர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா? அதைத்தான் கேட்க வேண்டும். தெரிந்தால், நோய் முற்றியவரை ஒரு பக்கம் தள்ள மனம் தூண்டும். கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. சுல்ஸ் என்ற ஆய்வாளர் 1995 இல் 250 பரிசோதனைகளை ஆராய்ந்தார். ஒதுக்கீட்டைச் சரிவர மறைக்காதவற்றில் சிகிச்சையின் பலனைக் காட்டும் அளவான ஒட்ஸ் விகிதம் சராசரியாக 41 சதவீதம் மிகைப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தீர்ப்பு ஆய்வுக்கு அல்ல, அதிலுள்ள ஒவ்வொரு பெறுபேற்றுக்கும். நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. நஞ்சருந்தியவர்களுக்குச் செயலூட்டப்பட்ட கரி (வயிற்றிலுள்ள நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் கரித்தூள்) கொடுப்பது உதவுமா என்று மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4632 பேரிடம் நடந்த பரிசோதனை 2008 இல் வெளியானது. கரி கொடுக்காத குழு, ஒரு வேளை கொடுத்த குழு, ஆறு வேளை கொடுத்த குழு என மூன்று. யாருக்கு எது என்பது ஒளிக்கப்படவில்லை. உடனே 'அபாயம் அதிகம்' என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அளந்தது மரணம். எந்தக் குழு என்று தெரிந்திருப்பதால் மரணத்தைப் பதிவதில் மாற்றம் வராது. அதே ஆய்வு நோயாளியின் வலியையோ களைப்பையோ கேட்டிருந்தால் என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். அந்தப் பரிசோதனையில் கரியால் மரணம் குறையவில்லை என்பதே முடிவு. நம் வார்டுகளுக்கு மிக வேண்டிய செய்தி அது.

ஐந்தாம் களத்துக்கு, அதாவது எந்தப் பெறுபேற்றைத் தெரிவு செய்து அறிக்கையிட்டார்கள் என்று பார்ப்பதற்கு, கட்டுரை மட்டும் போதாது. 2006 முதல் இலங்கையில் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு இயங்குகிறது. முதலில் எதை அளப்பதாகப் பதிந்தார்கள், கடைசியில் எதை எழுதினார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், இருவர் தனித்தனியாகத் தீர்மானியுங்கள். கட்டுரையின் எந்த வரியைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கருத்து வேறுபட்டால் பெரியவர் சொன்னதற்காக மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த வரியைத் திரும்ப இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் மூன்றாமவரிடம் கொடுங்கள்.