எக்செல் ஏன் கடைசி இலக்கத்தை விழுங்குது?

[திரையில்: ஒரு எக்செல் தாள். ஒரு நிரல் முழுக்க நீள நீள எண்கள்.]

வணக்கம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில ஃபோன் கடை வச்சிருக்கிற அண்ணை ஒருத்தர் போன கிழமை கோல் எடுத்தார். "தம்பி, எல்லாப் பார்சல் நம்பரும் சைபரிலதான் முடியுது. நான் அப்பிடி அடிக்கேல்லை."

அவர் அடிச்சது 16 இலக்க நம்பர். நீங்களும் 1234567890123456 எண்டு அடிச்சுப் பாருங்கோ.

[திரையில்: 1234567890123450]

கடைசி 6 போட்டுது. எக்செல் எண்ணை 64 பிட்டில வைக்குது; பிட் எண்டால் 0 அல்லது 1 நிக்கிற ஒரு இடம். 1985இல வந்த ஐஇஇஇ 754 எண்ட தரம் அது. அந்த 64இல எண்ணின்ர இலக்கங்களுக்குக் கிடைக்கிற துல்லியம் 53 பிட். 15 இலக்கம் எண்டால் எந்த எண்ணும் அதுக்குள்ள பிசகாமல் அடங்கும். 16 எண்டால் சிலது அடங்கும், சிலது அடங்காது. அதால எக்செல் 15இல கோடு போட்டிட்டுது. மிச்சத்துக்குச் சைபர்.

அண்ணையின்ர ஃபோன் பட்டியல் தப்பினது அதிர்ஷ்டம்தான்: ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள அடையாள எண், சரியா 15 இலக்கம்.

புது அடையாள அட்டை நம்பர் 12 இலக்கம். அது 1.99512E+11 எண்டு தெரிஞ்சால் பயப்பிடாதேங்கோ, நம்பர் உள்ள முழுசா இருக்கு, காட்டுற விதம்தான் அப்பிடி.

[திரையில்: நகைத் தராசு]

இனி எனக்குப் பிடிச்ச பகுதி. கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒண்டை நினையுங்கோ. அரைக் கிராம் பொன் கம்பி. 0.4 கிராம் ஒரு வேலைக்கு, 0.1 இன்னொண்டுக்கு. மிச்சம்?

[திரையில்: =0.5-0.4-0.1 → 0]

சரி. இப்ப அதையே அடைப்புக்குள்ள போட்டு ஒண்டால பெருக்குவம்.

[திரையில்: =1*(0.5-0.4-0.1) → -2.78E-17]

ஒண்டால பெருக்கினால் ஒண்டும் மாறக்கூடாதே! பொன் கடன் நிக்குது, 17ஆவது தசம இடத்தில.

ஒரு ரூபாயை மூண்டு பேருக்குப் பிரிச்சால் 0.3333 எண்டு முடியாமல் போகுமெல்லோ? கணினி 0, 1 ரெண்டை மட்டும் வச்சு எண் எழுதுற ரெண்டின் அடி எண்முறையில பத்தில ஒண்டுக்கும் அதே கதி. எங்கையோ வெட்டித்தான் ஆகவேணும். அப்பிடி வெட்டி வச்ச 0.1, உண்மையில 0.1000000000000000055 மாதிரி ஒரு எண். முதல் சூத்திரத்திலயும் அந்தத் துணுக்கு இருந்தது. கடைசிக் கழித்தலில விடை சைபருக்குக் கிட்ட வந்தால் எக்செல் தானே சைபராக்கிப் போடும். பெருக்கல் கடைசியா வந்தால் அந்தச் சலுகை இல்லை. மூடி மறைக்கிற இந்தக் குணம் எனக்குப் பிடிக்கேல்லை. பிழை தெரிஞ்சாலாவது ஆள் உஷாராகும்.

துணுக்குத்தானே எண்டு விடேலாது. கனடாவில வான்கூவர் பங்குச் சந்தை 1982இல 1000 புள்ளியில ஒரு சுட்டெண் தொடங்கினது. ஒவ்வொரு தரமும் மூண்டு தசமத்துக்குப் பிறகு வெட்டினதில, 22 மாதத்தில அது 524 ஆகிட்டுது. திருத்திப் பார்த்தால் 1098.

[திரையில்: =ROUND(0.5-0.4-0.1;3)]

நிறையோ காசோ, விடையை ரவுண்ட் சூத்திரத்தால கட்டுங்கோ. பிரிக்கிற குறி உங்கட கணினி அமைப்பைப் பொறுத்துக் காற்புள்ளியாவும் இருக்கலாம். செல்லில தசமத்தைக் குறைச்சுக் காட்டுறது வேற விஷயம்; அது உள்ள இருக்கிற எண்ணைத் தொடாது.

கூட்டிக் கழிக்காத நம்பருக்கு, அடிக்க முதலே செல்லை டெக்ஸ்ட் ஆக்குங்கோ, இல்லாட்டி முன்னால ஒற்றை மேற்கோள் குறி போடுங்கோ. 077இன்ர முன் சைபரும் அதால தப்பும். அடிச்ச பிறகு மாத்தினால் போன இலக்கம் திரும்பி வராது. அண்ணை இப்ப பழைய பில்லுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.