பேஸ்மெண்ட் சாவி

(நியூஜெர்சியில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க நாடக விழாவில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இந்தப் பனியிலும் வண்டியோட்டி வந்திருக்கும் முன்னாள் தலைவர் அவர்களே, அவருக்கும் முந்தைய தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, மைக்கோடு மல்லாடிக்கொண்டிருக்கும் தம்பிகளே, சமையல் குழுவினரே (உங்களை மறந்தால் இரவு எனக்குச் சாப்பாடு கிடைக்காது), எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை 'நாடக அறிஞர்' என்று அறிமுகப்படுத்தினார். நான் ஒரு கணக்காளன். வருமான வரிப் படிவம் நிரப்பும்போதுதான் எனக்குக் கொஞ்சம் நடிப்பு வரும்.

'இன் தி ஹைட்ஸ்' என்று, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் ஓடிய இசை நாடகத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அது உருவான கதை ஒன்று. அதன் பாட்டும் மொழியும் இரண்டு. சினிமா ஆனபோது எழுந்த சர்ச்சை மூன்று.

ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் டோல் கட்டிவிட்டு மன்ஹாட்டனுக்குள் நுழைகிறோம் இல்லையா, இறங்கியதும் வருகிற பேட்டைதான் வாஷிங்டன் ஹைட்ஸ். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்கள் நிறைந்த இடம். நாடகத்தின் கதை நடப்பது இங்கேதான். அதற்கும் வடக்கே இன்வுட் பகுதியில் வளர்ந்தவர் லின்-மனுவேல் மிராண்டா. பெற்றோர் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 1999இல், இந்த நாடகத்தின் முதல் வரைவை எழுதினார். அங்கே மாணவர் நாடகக் குழு மேடையும் கொடுத்தது. என் பாட்டி ஓயாமல் சொல்வாள், 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று. முதல் சுவரைக் கல்லூரி கொடுத்தது.

படிப்பு முடிந்ததும் அந்தச் சுவர் போயிற்று. அப்புறம் எங்கே போவது? மன்ஹாட்டனில் டிராமா புக் ஷாப் என்று, 1917இல் தொடங்கிய நாடகப் புத்தகக் கடை ஒன்று உண்டு. அதன் பேஸ்மெண்டில் ஒரு குட்டி அரங்கு. வெஸ்லியனில் மிராண்டாவுக்கு மூத்தவரான தாமஸ் கெயிலும் நண்பர்களும் நடத்திய நாடகக் குழுவுக்கு அந்த இடத்தைப் புழங்கக் கொடுத்திருந்தார்கள். 2002இல் மிராண்டாவும் கெயிலும் அங்கே உட்கார்ந்துதான் நாடகத்தைப் பிரித்துப் போட்டார்கள். முதல் வரைவில் நீனா என்ற பெண்ணுக்கு லிங்கன் என்று ஒரு சகோதரன் இருந்தான். பிறகு அவனையே தூக்கிவிட்டார்கள். 2004இல் வசனம் எழுதக் கியாரா அலெக்ரியா ஹூடஸ் வந்தார். காதல் கதையாக இருந்தது தெருவின் கதையாக மாறியது. பொடேகா என்கிற மூலைக்கடை, அழகு நிலையம், டாக்ஸி கம்பெனி, ஐஸ் வண்டிக்காரர் எல்லாம் நாடகத்தின் நடுவுக்கு வந்தார்கள். 2007இல் ஆஃப்-பிராட்வே, அதாவது பிராட்வேயைவிடச் சிறிய அரங்கு. 2008 மார்ச் 9இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கில் பிராட்வே. ஒன்பது வருடம்! நாம் நவம்பரில் ஸ்கிரிப்ட் எழுதிப் பொங்கல் விழாவில் மேடை ஏற்றிவிடுகிறோம்.

நம் ஒத்திகை நடக்கிற அழகையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ராஜா காலத்து நாடகம். சங்க மண்டபம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தார். சரி என்று ஒரு கடையின் பார்க்கிங்கில், இரவு ஒன்பது மணிக்கு, கார் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆரம்பித்தோம். தளபதி கையில் அட்டைக் கத்தி. அலுமினியத் தாள் சுற்றியிருந்ததால் நிஜத்தைவிடப் பளபளத்தது. தளபதி (பெயர் வேண்டாம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்) மந்திரியைக் கீழே தள்ளி, கத்தியை ஓங்கி, தூய தமிழில் கர்ஜித்தார். யாரோ போன் செய்துவிட்டார்கள். சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல, போலீஸ் வண்டி வந்து நின்றது. எல்லோரும் கையைத் தூக்கினோம். மந்திரி மட்டும் அசையவில்லை. கதைப்படி அவர் செத்துவிட்டார், அவ்வளவு ஈடுபாடு! 'அவருக்கு என்ன ஆயிற்று?' என்றார் போலீஸ்காரர். பதற்றத்தில் நான், 'செத்துவிட்டார்' என்று சொல்லிவிட்டேன். போலீஸ்காரர் முகம் மாறியது. நல்லவேளை, அந்தக் குளிரில் பிணத்துக்குத் தும்மல் வந்தது. அப்புறம் கத்தியை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, 'இதை ஏன் உள்ளே போய்ச் செய்யக் கூடாது?' என்று கேட்டார். நம் செயற்குழு அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது செய்தி, பாட்டும் மொழியும். தாளத்தோடு வேகமாகப் பேசிப் பாடும் ராப்பும், லத்தீன் ஆட்ட இசையான சல்சாவும் ஒரே மேடையில். ஸ்பானிஷ் வரிகளை மொழிபெயர்க்காமலே விட்டார்கள், பிராட்வே கேட்டுக்கொண்டது. கதாநாயகன் பெயர் உஸ்நாவி. அமெரிக்காவுக்கு வந்து இறங்கும்போது ஒரு கப்பலில் 'யு.எஸ். நேவி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பெற்றோர் வைத்த பெயர்! பிராட்வேயில் அந்த வேடத்தை முதலில் மிராண்டாவே போட்டார். பிராட்வேயின் பெரிய விருதான டோனிக்கு 13 பரிந்துரைகள், சிறந்த இசை நாடகம் உட்பட 4 விருதுகள், 1,184 காட்சிகள். இதை விரிவாகப் பேச ஆசைதான். நேரமாயிற்று என்று செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். சினிமாச் சர்ச்சையை அடுத்த வருடம் கூப்பிட்டால் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் புத்தகக் கடை என்ன ஆயிற்று என்று சொல்லாமல் இறங்க மாட்டேன். 2016இல் குழாய் வெடித்துக் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. புத்தகம் வாங்கிக் கைகொடுங்கள் என்று மிராண்டா ரசிகர்களைக் கேட்டார். பிறகு வாடகை கட்டுப்படியாகவில்லை. 2019இல் மிராண்டாவும் கெயிலும் இன்னும் இருவரும் சேர்ந்து கடையையே வாங்கினார்கள். 2021இல் மேற்கு 39ஆவது தெருவில் மறுபடி திறந்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது, சித்திரம் வரைந்து பேர் வாங்கிய பிறகும் அவர்களுக்கு மறக்கவில்லை பாருங்கள்.

நான் அரங்கு கட்டச் சொல்லவில்லை. இதே மண்டபத்துக்குக் கீழே, மடக்கு நாற்காலிகளும் கொலுப் படிகளும் அடைந்து கிடக்கிற பேஸ்மெண்ட் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பள்ளியில் பாதி ஆங்கிலமும் வீட்டில் பாதித் தமிழும் பேசுகிற அவர்களுக்கு எழுத நிறைய இருக்கிறது. இரண்டாவது சாவி செய்கிற காசை நானே தருகிறேன். கையெழுத்துத் தாள் வாசலில், சாப்பாட்டு வரிசை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. தலைவர் அவர்களே, முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவும் அங்கேயே கட்டித் தொங்குகிறது. நன்றி, வணக்கம்.