பிரைட்டன் போனால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள்

(திரையில்: ரயில் நிலையத்திலிருந்து கடல் வரை நேராக இறங்கும் சாலை)

வணக்கம். லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரைட்டன் வந்துவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்து நேராகக் கீழே நடந்தால் பதினைந்து நிமிடத்தில் கடல். லண்டன்காரர்கள் 1841இல் ரயில் வந்த நாளிலிருந்து செய்வது இதைத்தான்: காலையில் வந்து, கடலைப் பார்த்து, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். நம் ஊர்க்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தான் வந்து போகிறார்கள்.

அது நல்ல நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் கடற்கரை நகரங்களில் இந்தியாவோடு இவ்வளவு நெருக்கமான உறவுள்ள இன்னொரு ஊரை எனக்குத் தெரியாது. அதைப் பார்க்காமல் நாம் ரயில் ஏறுவது பெரிய இழப்பு. இந்த வீடியோ அதற்காகத்தான்.

முதலில் கொஞ்சம் பின்கதை. பிரைட்டன் ஒரு காலத்தில் மீனவர் ஊர். பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல்நீரில் குளித்தால், ஏன், அதைக் குடித்தாலே கூட நோய் தீரும் என்று 1750இல் எழுதினார். வசதி படைத்தவர்கள் அதை நம்பி வர ஆரம்பித்தார்கள். 1783இல் வந்தவர்களில் ஒருவர் 21 வயது இளவரசர் ஜார்ஜ், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர். ஊர் அவருக்குப் பிடித்துப்போனது. அதன் விளைவுதான் இப்போது நீங்கள் பார்க்கப் போகும் கட்டடம்.

(திரையில்: ராயல் பெவிலியன், தோட்டத்திலிருந்து)

ராயல் பெவிலியன். வெங்காய வடிவக் குவிமாடங்கள், மினார்கள், கல்லில் குடைந்த ஜன்னல் வேலைப்பாடு. சாம்பல் நிற ஆங்கிலேய வானத்துக்குக் கீழே இதை முதல் முறை பார்க்கிற யாரும் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள். 1815 முதல் ஏழெட்டு வருடம் வேலை செய்து இந்த உருவத்தைக் கொடுத்தவர் ஜான் நாஷ். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தியா முழுக்கச் சுற்றி அச்சிட்ட படங்களைப் பார்த்துத்தான் வரைந்தார். 1792இல் நம் மதுரை திருமலை நாயக்கர் மகாலையும் திருச்சி மலைக்கோட்டையையும் மாமல்லபுரத்தையும் படமாக்கிய அதே டேனியல்கள்தான். நாஷ் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது முகலாயக் குவிமாடங்களை. நம் கோபுரத்தை இங்கே தேடாதீர்கள்.

உள்ளே போனால் உலகமே மாறிவிடும். வெளியே இந்தியா, உள்ளே சீனா. விருந்து மண்டபத்தின் கூரையிலிருந்து வெள்ளி டிராகன் ஒன்று ஒரு டன் எடையுள்ள சரவிளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நான் சொல்வேன், சமையலறையில் கூடுதல் நேரம் நில்லுங்கள். அங்கே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களின் உச்சியில் செம்பில் ஓலைகள் விரித்து, அவற்றைப் பனைமரங்களாகவே ஆக்கியிருக்கிறார்கள். அந்த அறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியா மகாராணிக்கு இந்த அரண்மனை பிடிக்கவில்லை. 1850இல் இது நகரத்தின் கைக்கு விலைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இன்று நம்மால் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிகிறது. தோட்டத்துக்குக் காசு வேண்டாம்.

பக்கத்திலேயே டோம் என்ற அரங்கம் இருக்கிறது. இளவரசரின் குதிரைகளுக்காகக் கட்டிய லாயம் அது! சுமார் 60 குதிரைகளுக்கு இப்படியொரு குவிமாடம். 1974இல் அபா குழு யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜெயித்ததும் இதே அரங்கில்தான்.

(திரையில்: 1915ஆம் ஆண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். டோம் அரங்கில் வரிசையாகக் கட்டில்கள்)

இனி நான் சொல்ல வந்த விஷயம். முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் சண்டையிட்டவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். பஞ்சாப், கர்வால், நேபாள மலைகள் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். காயம்பட்டவர்களைக் கப்பலில் கொண்டுவந்து, 1914 டிசம்பரிலிருந்து இந்தப் பெவிலியனிலும் டோமிலும் படுக்க வைத்தார்கள். நகரத்தின் வேறு இடங்களிலும் மருத்துவமனைகள் திறந்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் 12,000 இந்திய வீரர்கள் பிரைட்டனில் சிகிச்சை பெற்றார்கள். பனைமரத் தூண்கள் உள்ள அந்தச் சமையலறைதான் அறுவை சிகிச்சைக் கூடம்.

இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள், சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையல்கூடங்கள், உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும் அறிவிப்புப் பலகைகள். கவனிப்பு உண்மையாகவே நன்றாக இருந்தது. ஆனால் அது விளம்பரமாகவும் பயன்பட்டது. பேரரசு தன் சிப்பாய்களை எப்படித் தாங்குகிறது என்று காட்ட, வார்டுகளின் படங்களை அஞ்சல் அட்டைகளாக அச்சடித்தார்கள். அதே நேரத்தில் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கைக்குப் போயின, நகரத்துக்குள் இஷ்டப்படி நடமாட அவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த அஞ்சல் அட்டைகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தோட்டத்தின் தெற்கு வாசலைக் கவனியுங்கள். குஜராத் பாணியில் கட்டிய வாயில் அது. இந்திய வீரர்களைப் பராமரித்ததற்கு நன்றியாக இந்தியா கொடுத்த பரிசு, 1921இல் பாட்டியாலா மகாராஜா வந்து திறந்துவைத்தார்.

சரி, கடலுக்குப் போவோம். போகிற வழியில் இன்னொரு இந்தியர். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. லண்டனில் 1810இல் இந்திய உணவகம் நடத்தியவர், அது நஷ்டத்தில் முடிந்தது. 1814இல் பிரைட்டனுக்கு வந்து, மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும் சேர்ந்த ஒரு குளியலகம் தொடங்கினார். நான்காம் ஜார்ஜே அவரிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டார். குளியலகம் இருந்த இடத்தில் இன்று ஒரு ஹோட்டல் நிற்கிறது. அவர் கல்லறை புனித நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்.

(திரையில்: பேலஸ் பியர், கூழாங்கற்கள் நெருக்கத்தில்)

கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கற்கள். செருப்பு இல்லாமல் நடக்க முடியாது. கையில் தின்பண்டம் இருந்தால் கடற்காகங்கள் பறித்துக்கொண்டு போய்விடும், ஜாக்கிரதை. 1899இல் திறந்த பேலஸ் பியர் என்ற கடல் பாலம் கடலுக்குள் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ராட்டினங்கள், விளையாட்டுக் கூடங்கள். குழந்தைகளோடு போனால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மேற்கே கடலில் தெரியும் இரும்பு எலும்புக்கூடு வெஸ்ட் பியர். 1866இல் திறந்து, 1975இல் மூடி, 2003இல் தீக்கு இரையானது. குளிர்காலத்தில் போகிறவர்கள் சூரியன் மறைகிற நேரத்தில் பியர் பக்கம் இருங்கள். மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சுழன்று பறந்து அடையும்.

பியருக்குக் கிழக்கே வோல்க்ஸ் ரயில்வே. மேக்னஸ் வோல்க் என்ற பொறியாளர் 1883இல் ஓடவிட்டது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் மிகப் பழையது இதுதான். குளிர்காலத்தில் ஓடாது. வோல்க் இதோடு நிற்கவில்லை. கடலடியில் தண்டவாளம் போட்டு, ஏழு மீட்டர் உயரக் கால்களில் நிற்கும் ஒரு வண்டியைக் கடலுக்குள்ளேயே ராட்டிங்டீன் வரை ஓட்டினார். கடலில் போவதால் அதற்கு ஒரு கப்பல் கேப்டனும் உயிர்காப்புப் படகும் வேண்டியிருந்தன! 1896 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், ஒரு வாரத்தில் புயல் அடித்துச் சாய்த்தது. திரும்ப எழுப்பி 1901 வரை ஓட்டினார். தண்ணீர் வற்றும் நேரத்தில் அதன் கான்கிரீட் கட்டைகள் இன்றும் வரிசையாகத் தெரியும். பொறியியலில் ஆர்வம் உள்ளவர்கள் அதைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

கடைவீதி வேண்டுமென்றால் நகைக்கடைச் சந்துகளான லேன்ஸ், பழைய பொருட்களும் சைவ உணவகங்களும் நிறைந்த நார்த் லேன். செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளுக்கு 12ஆம் எண் பேருந்து. ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

(திரையில்: பச்சைக் குன்றின் நடுவே வெள்ளைச் சலவைக்கல் சத்ரி)

அரை நாள் மிச்சம் இருந்தால் என் கோரிக்கை ஒன்றுதான்: சத்ரி என்ற நினைவுச் சின்னத்துக்குப் போங்கள். பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை நகரத்துக்கு வெளியே, சவுத் டவுன்ஸ் குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங் நகரத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள ஷா ஜஹான் மசூதியின் அருகில் அடக்கம் செய்தார்கள். சிதை எரிந்த மேடைகளைக் கருங்கல் பலகைகளால் மூடி, பக்கத்தில் எட்டுத் தூண்கள் தாங்கும் வெள்ளைக் குவிமாடம் எழுப்பினார்கள். வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற கட்டடக் கலைஞர். 1921 பிப்ரவரியில் திறப்பு. அந்த 53 பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்தது 2010இல்தான். போனால் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வந்ததற்கு நாம் அவர்களுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

வண்டி அங்கே வரை போகாது. பேச்சம் என்ற பகுதிவரை நகரப் பேருந்தில் போய், நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டி, வயல் பாதையில் மேலே ஏற வேண்டும். ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு சேறு அதிகம், நல்ல ஷூ கட்டாயம். கடை, கழிப்பறை எதுவும் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். ஜூன் மாதத்தில் பயணம் என்றால் தேதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அஞ்சலி நிகழ்ச்சி நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.