அலமாரியின் முதுகைப் பாருங்கள்: பழைய அமெரிக்க மரச்சாமான்கள் சொல்லும் கதை

[திரையில்: ஏழடிக்கு மேல் உயரமான மகோகனி டிராயர் அலமாரி. கேமரா உச்சியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்குகிறது.]

இந்த அலமாரியைச் செஞ்சது 18ஆம் நூற்றாண்டோட பின்பாதியில, அமெரிக்காவில இருக்கிற ஃபிலடெல்ஃபியா நகரத்துல. உச்சியில ரெண்டு பக்கமும் சுருண்டு வர்ற முகப்பைப் பாருங்க. கீழ நடு டிராயர்ல ஒரு சிப்பி செதுக்கியிருக்கு. கால் முடியுற இடத்துல ஒரு பறவையோட நகம் உருண்டையைக் கவ்விப் பிடிச்சிருக்கு.

1929 ஏப்ரல்ல நியூயார்க்ல இது ஏலத்துக்கு வந்தது. ஒரு பக்கம் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், இன்னொரு பக்கம் டூபாண்ட் ரசாயனக் கம்பெனிக் குடும்பத்துல வந்த ஹென்றி பிரான்சிஸ் டூபாண்ட். ரெண்டு பேரும் விடாம கேட்டாங்க. கடைசியில 44,000 டாலருக்கு டூபாண்ட் எடுத்தார். அதுவரைக்கும் ஒரு அமெரிக்க மரச்சாமானுக்கு ஏலத்துல யாரும் அவ்வளவு பணம் கொடுத்ததில்லை. அதே வருஷம் அக்டோபர்ல பங்குச் சந்தையே சரிஞ்சு விழுந்துச்சு.

மியூசியத்துக்குப் போற எல்லாரும் இந்த முன்பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. அழகுதான், மறுக்க முடியாது. ஆனா வாங்குறவரை மயக்குறதுக்காகவே செஞ்ச பக்கம் அது. தச்சர் தன் போக்குல வேலை பார்த்தது பின்பக்கத்துலயும் அடிப்பக்கத்துலயும் டிராயருக்கு உள்ளேயும்தான். அதனால இந்த வீடியோவில நாம அந்தப் பக்கம் போறோம்.

[திரையில்: டெலவேர் மாநிலத்துக் குன்றுகள், மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய மாளிகை.]

முதல்ல இந்த அலமாரி இருக்கிற இடத்தைச் சொல்லிடறேன். டெலவேர் மாநிலத்துல, வில்மிங்டன் நகரத்துக்குப் பக்கத்துல இருக்கு விண்டர்தர்ங்கிற மாளிகை. டூபாண்ட் 1880ல பிறந்தது இந்த வீட்டுலதான். 1923ல வெர்மான்ட்ல ஒரு நண்பர் வீட்டுக்குப் போனப்போ, சாதாரண பைன் மரத்துல செஞ்ச ஒரு பாத்திர அலமாரியில இளஞ்சிவப்புப் பீங்கான் தட்டுகளை அடுக்கி வெச்சிருந்ததைப் பார்த்தார். அதுவரைக்கும் பணக்கார அமெரிக்கர்கள் பிரெஞ்சு, ஆங்கிலேயச் சாமான்களைத்தான் பெருமையா வாங்கிட்டு இருந்தாங்க. அந்த நாளுக்கு அப்புறம் டூபாண்ட் அமெரிக்காவில செஞ்சதையும் பயன்படுத்தினதையும் தேட ஆரம்பிச்சார். சாமான்களை மட்டும் வாங்கல. இடிக்கப் போற பழைய வீடுகள்ல இருந்து மரச்சுவர், கதவு, கணப்புச் சட்டம்னு அறை அறையா பெயர்த்துக்கிட்டு வந்து தன் வீட்டுக்குள்ள பொருத்தினார். 1951ல அந்த வீட்டையே மியூசியமா திறந்துவிட்டார். 175 அறைகள், கிட்டத்தட்ட 90,000 பொருட்கள், பெரும்பாலும் 1640க்கும் 1860க்கும் நடுவுல உள்ளவை.

அடுத்த வருஷமே, 1952ல, டெலவேர் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து இங்க ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கினாங்க. இந்த இடத்தோட உண்மையான மதிப்பு அந்தப் படிப்புலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். மாணவர்கள் சாமானைத் தொட்டு, டிராயரை வெளிய இழுத்து, நாற்காலியைத் தலைகீழா கவிழ்த்துப் பார்த்துக் கத்துக்கிறாங்க.

[திரையில்: ஒரு டிராயரை வெளியே எடுத்து, கவிழ்த்து வைக்கும் கைகள். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம்.]

அவங்க என்ன பார்க்கிறாங்க?

டிராயரோட அடிப்பலகையில விரலை ஓட்டினா, ஆத்து மணல்ல தண்ணி ஓடின தடம் மாதிரி மெல்லிசான மேடுபள்ளம் தட்டுப்படும். கை இழைப்புளியோட தடம் அது. முதல் இழைப்புக்கு எடுக்கிற இழைப்புளியில தகடோட வாய் லேசா வளைஞ்சிருக்கும், சீக்கிரம் மரத்தைச் சீவித் தள்ளணும்கிறதுக்காக. முன்பக்கமா இருந்தா அதுக்கு மேல இன்னொரு தடவை இழைச்சு வழவழப்பாக்குவாங்க. உள்ள யார் பார்க்கப் போறாங்கன்னு அப்படியே விட்டுட்டாங்க. டார்ச்சைப் பலகையோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிச்சா அந்த வரிகள் கண்ணுக்கே தெரியும்.

ரம்பத்தோட தடமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேலும் கீழும் போற ரம்பம் நேர்கோடா கீறும். வட்ட ரம்பம் வில் மாதிரி வளைஞ்ச கோடு போடும். அமெரிக்கத் தச்சுப் பட்டறைகள்ல வட்ட ரம்பம் பரவலானது 19ஆம் நூற்றாண்டுல. அப்போ 1760னு சொல்லி விற்கிற அலமாரியோட பின்பலகையில வளைஞ்ச கோடு இருந்தா, அந்தப் பலகை பின்னாடி மாத்தினதா இருக்கணும், இல்லைன்னா அலமாரியே பொய்யா இருக்கணும். ஸ்க்ரூவும் காட்டிக் கொடுக்கும். பழைய ஸ்க்ரூவோட முனை மழுங்கியிருக்கும், மரைகள் ஒரே சீரா இருக்காது. கூர் முனையோட மெஷின்ல செஞ்ச ஸ்க்ரூ 1840கள்லதான் வருது.

அளவெடுக்கிற நாடாவும் வேணும். மரம் காலப்போக்குல அகலவாட்டுல சுருங்கும், நீளவாட்டுல சுருங்குறது ரொம்பவே குறைவு. 250 வருஷத்துக்கு முன்னாடி சரியான வட்டமா செஞ்ச மேஜைப் பலகை இன்னிக்கு லேசா நீள்வட்டமா இருக்கும். ரெண்டு திசையிலயும் அளந்து பார்த்து, மில்லிமீட்டர் பிசகாம வட்டமா இருந்தா சந்தேகப்படணும்.

[திரையில்: நுண்ணோக்கியில் மரத்தின் செல்கள். பக்கத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் வரைபடம்.]

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் உள்மரம். வெளிய தெரியுற இடத்துக்கு மகோகனி, வால்நட் மாதிரி விலை உயர்ந்த மரம் போடுவாங்க. டிராயரோட உள்பக்கத்துக்கும் முதுகுக்கும் உள்ளூர்ல மலிவா கிடைக்கிற மரம் போதும். பாஸ்டன் தச்சர் வெள்ளைப் பைன் எடுத்தார். ரோட் ஐலண்ட்ல இருக்கிற நியூபோர்ட்ல செஸ்ட்நட்டும் டியூலிப் பாப்லரும். ஃபிலடெல்ஃபியாவில டியூலிப் பாப்லர், மஞ்சள் பைன், வெள்ளை சிடார். முன்பக்க வடிவத்தை எந்த ஊர்க்காரரும் பார்த்துச் செஞ்சுட முடியும். முதுகுல போட்ட மரம் அந்தப் பட்டறை எந்தப் பக்கம் இருந்ததுன்னு சொல்லிடும். ஒரு சின்னச் சிராயை நுண்ணோக்கியில வெச்சுப் பார்த்தாலே மரத்தோட இனம் தெரிஞ்சிடும்.

[திரையில்: கரீபியன் கடலோரம், அடர்ந்த காடு.]

வெளிய தெரியுற அந்த மகோகனிக்கு வருவோம். இங்க நாம வேகமா கடந்து போகக் கூடாது.

1721ல பிரிட்டிஷ் பாராளுமன்றம் காலனிகள்ல இருந்து வர்ற மரத்துக்கு இறக்குமதி வரியை எடுத்துட்டது. அதுக்கப்புறம் ஜமைக்கா மகோகனி இங்கிலாந்துக்கும் அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் மளமளன்னு போச்சு. சில பத்தாண்டுகள்லயே ஜமைக்காவில எளிதா எட்டக்கூடிய மரங்கள் தீர்ந்து போய், வெட்டு ஹோண்டுராஸ் வளைகுடாப் பக்கம், இன்னிக்கு பெலீஸ்னு சொல்ற நாட்டுக்கு நகர்ந்தது. மகோகனி தோப்பா வளராது, காட்டுல ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு நிக்கும். அதனால கூட்டத்துல ஒருத்தர் உயரமான மரத்து மேல ஏறி, இலையோட நிறத்தை வெச்சே தூரத்துல மகோகனி எங்க நிக்குதுன்னு கண்டுபிடிப்பார். அப்புறம் வெட்டி, மாடு பூட்டி, வெயிலுக்குப் பயந்து ராத்திரியில தீப்பந்த வெளிச்சத்துல இழுத்துட்டுப் போய், மழைக்கால வெள்ளத்துல மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டு வருவாங்க. இந்த வேலையெல்லாம் செஞ்சது ஆப்பிரிக்காவில இருந்து அடிமையா கொண்டு வரப்பட்டவங்களும் அவங்க வம்சாவளியும்.

மரத்தோட கதை அப்படின்னா, அதை வாங்கின காசுக்கும் ஒரு கதை இருக்கு. நியூபோர்ட்ல டவுன்சென்ட், கோடார்ட்னு, குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ரெண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா தச்சு வேலை செஞ்சாங்க. முன்பக்கத்தையே மேடும் பள்ளமுமா அலையவிட்டு, ஒவ்வொரு மேட்டுக்கு மேலயும் ஒரு சிப்பியைச் செதுக்குறது அவங்க முத்திரை. ப்ராவிடென்ஸ் நகர வணிகர் நிக்கலஸ் பிரவுனுக்காகச் செஞ்ச எழுதுமேஜை அலமாரி 1989ல 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. மரச்சாமான்ல அன்னிக்கு அதுதான் உலகச் சாதனை.

அந்த நிக்கலஸ் பிரவுனோட கம்பெனிதான் 1764ல ‘சாலி’ங்கிற கப்பலை அடிமைகளை வாங்கிட்டு வர மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அதுல ஏத்தப்பட்ட 196 ஆப்பிரிக்கர்கள்ல குறைஞ்சது 109 பேர் செத்துப் போனாங்க. ஒரு சாமானுக்குப் பக்கத்துல வைக்கிற அட்டையில ‘மகோகனி, நியூபோர்ட்’னு ரெண்டு சொல் எழுதி முடிக்கிறது போதாதுன்னு நான் உறுதியா நம்புறேன். வெட்டினவங்க கை, வாங்கினவர் காசு, ரெண்டும் அந்தப் பொருளோட வரலாறுதான்.

[திரையில்: வடக்கு கரோலைனா, மில்டன் என்ற சிற்றூரின் பழைய செங்கல் கட்டடம்.]

செஞ்சவங்க எல்லாரும் வெள்ளைக்காரங்கன்னும் நினைச்சுடாதீங்க. தாமஸ் டே, 1801ல வர்ஜீனியாவில பிறந்த சுதந்திரமான கறுப்பினத் தச்சர். வடக்கு கரோலைனாவில மில்டன்ங்கிற ஊர்ல பட்டறை வெச்சிருந்தார். 1830ல அவர் கல்யாணம் பண்ணின அக்குவில்லா வர்ஜீனியாக்காரி. சுதந்திரமான கறுப்பினத்தவர் வெளியில இருந்து வந்து வடக்கு கரோலைனாவில குடியேற சட்டம் தடை போட்டிருந்தது. ஊரைச் சேர்ந்த வெள்ளையர்களே மனு எழுதி, மனைவியை உள்ள விடச் சட்டமன்றத்துல தனிச் சட்டம் நிறைவேத்த வெச்சாங்க. அவர் வேலை அவங்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. 1850 கணக்கெடுப்புல மாநிலத்துலயே பெரிய மரச்சாமான் பட்டறை அவரோடது. அதே தாமஸ் டே அடிமைகளையும் வெச்சிருந்தார். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். அவர் செஞ்ச சாமான்களோட பெரிய தொகுப்பு ராலேல இருக்கிற வடக்கு கரோலைனா வரலாற்று மியூசியத்துல இருக்கு.

[திரையில்: கடைசல் குச்சிகள் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்ட கனமான நாற்காலி.]

இப்போ ஒரு போலி. பழைய அமெரிக்க மரச்சாமான் உலகத்துல இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

1620ல இங்கிலாந்துல இருந்து மேஃபிளவர் கப்பல்ல அமெரிக்காவில குடியேற வந்தவங்களுக்கு மதத் தலைவரா இருந்தவர் வில்லியம் ப்ரூஸ்டர். அவரோடதுன்னு சொல்ற நாற்காலி பிளிமத் ஊர்ல பில்கிரிம் ஹால் மியூசியத்துல இருக்கு. முதுகுல, கைப்பிடிக்குக் கீழ, உட்காரும் பலகைக்குக் கீழன்னு எங்க பார்த்தாலும் கடைசல் குச்சிகள். அந்த வகை நாற்காலி கிடைக்கிறது அபூர்வத்துலயும் அபூர்வம். 1970ல மிச்சிகன்ல இருக்கிற ஹென்றி ஃபோர்டு மியூசியம் அப்படி ஒண்ணை 9,000 டாலருக்கு வாங்கிக் காட்சிக்கு வெச்சது.

அதைச் செஞ்சது 17ஆம் நூற்றாண்டுத் தச்சர் இல்லை. ரோட் ஐலண்டைச் சேர்ந்த அர்மாண்ட் லாமொன்டேன்ங்கிற சிற்பி. 1969ல தன் கையால செஞ்சு, செயற்கையா பழசாக்கி, சந்தையில நழுவவிட்டார். நிபுணர்களையும் ஏமாத்த முடியும்னு காட்டணும், அதுதான் அவர் நோக்கம். 1977ல உண்மை வெளிய வந்தது. மியூசியம் நாற்காலியை எக்ஸ்ரே எடுத்தது. குச்சிகள் சொருகியிருக்கிற துளைகளோட அடி கூம்பு மாதிரி கூரா முடிஞ்சது, இந்தக் காலத்து டிரில் பிட் போட்ட துளை. 17ஆம் நூற்றாண்டுத் துளைக்கருவிக்குக் கரண்டி மாதிரி வளைஞ்ச முனை, அது போடுற துளையோட அடி உருண்டையா இருக்கும். லாமொன்டேன் தெரிஞ்சேதான் அந்தத் தடயத்தை உள்ள விட்டு வெச்சிருந்தார்.

கவனிங்க, வெளியில பார்த்து யாராலயும் கண்டுபிடிக்க முடியல. மூடியிருந்த துளைக்குள்ளதான் பதில் இருந்தது. அந்த மியூசியம் நாற்காலியைத் தூக்கி எறியல. போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கத்துக்கொடுக்க அதையே வெச்சுக்கிட்டாங்க. அதுக்காக அவங்களைப் பாராட்டணும்.

[திரையில்: பாதுகாப்புக் கூடம். புற ஊதா விளக்கின் கீழ் ஒரு மேஜைக்கால்.]

முதுகும் துளையும் இவ்வளவு பேசும்னா, பாதுகாக்கிறதுங்கிற வேலையோட அர்த்தமே மாறிடுது. ஒரு காலத்துல பழைய சாமான் கிடைச்சா முதல் வேலையா வார்னிஷைச் சுரண்டி எடுத்துப் புதுசா மெருகு போடுவாங்க. பளபளன்னு ஆகிடும். கூடவே 200 வருஷச் சான்றும் குப்பைக்குப் போயிடும். இப்போ அப்படி இல்லை. ஊசிமுனை அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்துக் குறுக்கு வெட்டா நுண்ணோக்கியில பார்க்கிறாங்க. புற ஊதா ஒளி பட்டா அரக்கு ஆரஞ்சு நிறத்துல ஒளிரும், மரப்பிசின் வார்னிஷ் வெளிறின பச்சையில ஒளிரும். எந்தப் பூச்சு முதல்ல, எது அப்புறம், நடுவுல எத்தனை அழுக்குப் படலம்னு அடுக்கடுக்கா தெரியும். அந்த அழுக்கும் சான்றுதான்.

மெத்தை தைச்ச நாற்காலிகள்தான் ரொம்பக் கஷ்டம். துணி கிழியக் கிழிய ஒவ்வொரு தலைமுறையும் பழசைப் பிய்ச்சுப் போட்டுப் புதுத்துணியைச் சட்டத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கும். முதல் துணி மிஞ்சுறது அபூர்வம். ஆனா பழைய ஆணித் தலைக்கு அடியில சில சமயம் நாலஞ்சு இழை நூல் சிக்கிக் கிடக்கும். அதை வெச்சே பட்டா கம்பளியா, சிவப்பா பச்சையான்னு சொல்லிடலாம். ஆணித் துளைகளோட வரிசையில இருந்து பித்தளைக் குமிழ்கள் எந்த இடைவெளியில இருந்ததுன்னும் தெரியும்.

அந்தத் துளைகளை அழிச்சுடக் கூடாதுன்னுதான் இப்போ பழைய சட்டத்துல புது ஆணி அடிக்கிறதைத் தவிர்க்கிறாங்க. நாற்காலிச் சட்டத்தோட கச்சிதமா பொருந்துற மாதிரி ஒரு தனி அச்சு செஞ்சு, துணியை அதுலயே தைச்சு, நாற்காலி மேல சும்மா உட்கார வைக்கிறாங்க. வேணும்னா தூக்கி எடுத்துடலாம். அடியில மரமும் பழைய துளைகளும் ஆணிக்கடியில மிஞ்சின நூலும் அப்படியே இருக்கும், அடுத்து வர்ற ஆராய்ச்சியாளர் இன்னும் நல்ல கருவியோட வந்து பார்க்கலாம்.

நீங்க இந்த மாதிரி ஒரு மியூசியத்துக்குப் போனா, கயிறு கட்டின எல்லைக்கு வெளிய நின்னே அலமாரியோட பக்கவாட்டுக்குப் போய், முதுகுப் பலகை தெரியுதான்னு பாருங்க. அங்க வேலை பார்க்கிறவங்ககிட்ட உள்மரம் என்னன்னு கேளுங்க. பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வரமாட்டாங்களான்னு அவங்க காத்திருப்பாங்க.