சுவிட்சைப் போட்டால் போகுமா புன்கண்?

நடுவர் ஐயாவுக்கும், கோயில் மணலில் இருக்கும் எங்கள் சனத்துக்கும் வணக்கம். ‘புன்கண்’ என்ற பழஞ்சொல் மாலையின் மங்கலுக்கா, மனத்தின் துயருக்கா? மனத்துக்கே என்கிறேன்.

எதிரணித் தம்பி கேட்டார்: “புன்கண் என்றால் மைமல் இருட்டு, அந்தி மங்கல். சுவிட்சைத் தட்டினால் போய்விடும். அதுக்கு எதுக்குப் பாட்டு?” நீங்களும் கைதட்டினீர்கள்.

சரி தம்பி, சுவிட்சைப் பற்றியே பேசுவோம்.

வன்னியில் மல்லாவிப் பக்கம் எங்கள் அம்மம்மா வீடு. போர் நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் பஞ்சு, அது நனையும் அளவு மண்ணெண்ணெய், சின்னத் திரி. அம்மம்மா பாடிக்கொண்டே கொளுத்துவார். மாமா பக்கத்தில் இருந்து படிப்பார். வீடு முழுக்க இருட்டு. ஆனால் புன்கண் இல்லை.

2009இல் போர் முடிந்த பிறகு மாமா இல்லாமல் திரும்பி வந்தோம். புதுவீடு கட்டினோம், கரண்டும் வந்தது. முதல் நாள் மைமலுக்கு அம்மம்மா சுவிட்சைப் போட்டார். வீடு பகல் மாதிரி. போட்டுவிட்டு எங்கே போனார்? வாசல் படலைக்கு! தம்பி, இன்னொருக்கால் சொல்கிறேன், லைட்டைப் போட்டுவிட்டுத்தான் படலைக்குப் போனார். ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றார். மறுநாளும் அப்படித்தான். மழையிலும், சாக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு.

இதைத்தான் வள்ளுவர் எழுதினார்: “புன்கண்ணை வாழி மருள்மாலை எம்கேள்போல் வன்கண்ண தோநின் துணை.” மாலையே, நீயும் புன்கண்ணோடு இருக்கிறாய், உன் துணையும் என்னவர் போலக் கல்நெஞ்சோ என்று பிரிவில் வாடும் தலைவி கேட்கிறாள். தன் நோயை மாலைக்கும் ஏற்றுகிறாள். குறுந்தொகை 46ஐப் பாருங்கள். முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருத்தூளில் குளித்து, வீட்டுக் கூரையோரத்தில் குஞ்சுகளோடு ஒடுங்குகிறது குருவி. அதே பொழுதைத்தான் தலைவனைப் பிரிந்த தலைவி ‘புன்கண் மாலை’ என்கிறாள். குருவிக்கு அது புன்கண்ணா? குஞ்சு பக்கத்தில் இருக்கிறதே!

படலைக்குத் திரும்பி வருகிறேன். ஒருநாள் அம்மம்மா என்னைக் கூப்பிட்டார். “படலையடியிலும் ஒரு பல்ப் போடு மோனை. இது புதுவீடு. அவனுக்கு அடையாளம் தெரியாது.”

போட்டேன் ஐயா. அம்மம்மா போய் ஐந்து வருடம். மைமலானதும் அந்தச் சுவிட்சை இப்போது அம்மா போடுகிறார்.