வண்டி ஏறாதவர்கள் கணக்கில் வருவதில்லை

வணக்கம் மக்களே. போர்ச் செய்தி என்றாலே 'இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம்' என்று கீழே ஒரு வரி ஓடும். காயம்பட்டவர் பலியானவர் பட்டியலுக்குப் போகாமல் தடுப்பது பெரும்பாலும் ஆம்புலன்ஸ்தான். இன்று அதைப் பற்றிப் பேசலாம்.

தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அந்த இடத்தில் காப்பாற்றுவது டூர்னிகே என்கிற ஒரு பட்டை. காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைப் பட்டையிலோ அடிபட்டவரின் நெற்றியிலோ பேனாவால் எழுதிவிடுவார்கள். ரொம்ப நேரம் கட்டியே இருந்தால் காலே போகலாம் இல்லையா, அதனால்தான். அந்தப் பயத்திலேயே இதைப் பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சேர்ந்த தரவுதான் இதை மறுபடி கொண்டுவந்தது.

அப்படியென்றால் போரால் மருத்துவ ஆராய்ச்சி வளர்கிறதே என்று கேட்பீர்கள். வளர்கிறது, யாரை வைத்து என்று பாருங்கள். 2009-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் படுகாயமடைந்த தங்கள் படையினரை 60 நிமிடத்துக்குள் ஹெலிகாப்டரில் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு அங்கே காயம்பட்ட 21,089 படையினரின் பதிவுகளை அலசினார்கள். கொண்டுபோகும் நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 90 நிமிடத்திலிருந்து 43-க்கு இறங்கியிருந்தது, இறப்பு விகிதமும் குறைந்திருந்தது. ஹெலிகாப்டரும் இருந்தது, பதிவேட்டை நிரப்ப ஆளும் இருந்தார்கள். அதே ஆப்கானிஸ்தானில், குண்டூஸ் நகரில், 2015 அக்டோபர் 3 அன்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் விபத்துக்காய மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் குண்டு போட்டதில் 42 பேர் இறந்தார்கள்.

ஊர் மக்களுக்கு நிலைமையே வேறு. போன் போகாது, போனால் டீசல் இருக்காது, இருந்தால் சோதனைச்சாவடியில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். போனவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. 2025 மார்ச் 23 அன்று காசாவின் ரஃபாவில் 15 மீட்புப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். முதலில் போன ஆம்புலன்ஸைத் தேடிப் போனவர்களும் அதில் உண்டு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2016-லேயே 2286-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறது. ஒருமனதாக!

இனி ஆராய்ச்சிப் பக்கம். என்னை ரொம்ப உறுத்துவது இதுதான். தரவு எங்கே கிடைக்கிறது? மருத்துவமனையில். வழி அடைபட்டால், மோசமாக அடிபட்டவர்கள் வழியிலேயே இறந்துவிடுவார்கள். வந்து சேர்கிறவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தவர்கள். ஆக, ஆம்புலன்ஸ் சேவை சீரழியச் சீரழிய மருத்துவமனையின் இறப்பு விகிதம் நன்றாகத் தெரியலாம்! தலைகீழாகவும் நடக்கும். ஆம்புலன்ஸ் வேகமாக ஓட ஆரம்பித்தால், முன்பு ரோட்டிலேயே போயிருக்கக் கூடியவர்கள் உயிரோடு வந்து வார்டில் இறப்பார்கள், மருத்துவமனைக்குக் கெட்ட பெயர். வெறும் மருத்துவமனைக் கணக்கை வைத்துக்கொண்டு 'சேவை முன்னேறியது' என்று எழுதும் கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

உலக சுகாதார நிறுவனம் மருத்துவ சேவை மீதான தாக்குதல்களைப் பதிவு செய்கிறது. தேவையான வேலைதான். ஆனால் ரோடு மூடியதால் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்தவரும், வண்டி வராமல் பிரசவத்தில் போன பெண்ணும் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்கள்?

'அப்போ ஆம்புலன்ஸ்காரர்களே எழுதி வைக்கலாமே' என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. காயம்பட்டவர்களின் பெயரும் முகவரியும் உள்ள நோட்டு ஆயுதக்காரர் கையில் சிக்கினால், அதுவே தேடப்படுவோர் பட்டியல். அதனால் பெயரே வேண்டாம் என்பேன். கூப்பிட்ட நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், சேரவில்லை என்றால் ஏன். இவ்வளவு போதும். அவசர ஊர்திப் பணியில் இருப்பவர்கள் யாராவது பார்த்தால், இந்த நான்கில் நெருக்கடி நேரத்தில் எதை எழுதவே முடியாது என்று கமெண்டில் சொல்லுங்கள்.