பனியை அடக்கும் பாசிகள்

வணக்கம் நேயர்களே.

மூணாறு மலைத்தோட்டங்களில் மார்கழி, தை விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தின்மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிவதையும், வெயில் ஏறியபின் அதே கொழுந்து பழுப்பேறிக் கருகுவதையும் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். நீர் உறைந்து உயிரணுவின் சவ்வு சிதைந்ததும், அதுவரை தனித்தனியே இருந்த நொதியும், துவர்ப்புத் தரும் பாலிஃபீனாலும் கலந்துவிடுகின்றன. ஆலையில் கொழுந்தை உருட்டிக் கசக்கும்போது ஏற்படும் நிறமாற்றம் செடியிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

தேயிலை ஓரிரவுகூடத் தாங்காத இந்த உறைபனியை, அன்டார்ட்டிகாவின் கடற்பனிக்குள் நுண்பாசிகள் மாதக்கணக்கில் தாங்குகின்றன. கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும்போது நீர் மட்டுமே கட்டியாகிறது. ஒதுங்கிய உப்பு, கட்டிக்குள் மயிரிழைபோல் ஓடும் கால்வாய்களில் திரண்டு, மைனஸ் 10 டிகிரியில் கடல்நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உவர்ப்பாகிறது. அந்த உவர்நீரில் வாழும் ஃப்ராஜிலாரியோப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்னும் டயட்டம் (சிலிக்கா ஓடுடைய நுண்பாசி), பனியோடு பிணையும் புரதங்களை உருவாக்குகிறது. அப்புரதத்தின் தட்டையான ஒரு முகம் பனிப்படிகத்தின் பரப்பில் பொருந்தி ஒட்டிக்கொள்வதால், சிறு படிகங்கள் கரைய, பெரியவை மேலும் பருத்துச் சவ்வைச் சிதைக்கும் போக்கு தடைப்படுகிறது.

இத்தகைய புரதங்களுக்கு வழங்கும் 'உறைதடுப்புப் புரதம்' என்ற பெயர், உயிரியலாளர் ஆர்தர் டிவ்ரீஸ் 1960களின் இறுதியில் அன்டார்ட்டிக் மீன்களின் இரத்தத்தில் கண்டறிந்த புரதங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். அவை உறைதலையே தள்ளிப்போடுகின்றன. பாசியின் புரதங்களோ உறைநிலையைச் சிறிதளவே தாழ்த்துகின்றன. ஆகவே அவற்றைப் பனியடக்கும் புரதங்கள் என்று சொல்வதே சரியென நான் கருதுகிறேன். இவற்றுக்கான மரபணுக்கள் பாக்டீரியாவின் மரபணுக்களை ஒத்திருப்பதால், முன்னொரு காலத்தில் அங்கிருந்து பெறப்பட்டிருக்கக்கூடும் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

உயிரணுவுக்குள்ளும் பணி நடக்கிறது. குளிரில் நெய் உறைவதுபோல் சவ்வு இறுகாதிருக்க, கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நொதிகள் செயல்படுகின்றன. மடிப்புக் குலைந்த புரதங்களை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் சீராக்குகின்றன. பெயரில் வெப்பம் இருந்தாலும் அவை குளிரிலும் பயன்படுபவை.

குளிர்வாழ் பாசிகளின் நொதிகள் பொதுவாக நெகிழ்வான கட்டமைப்பு உடையவை; கடுங்குளிரிலும் அசைந்து வேலைசெய்ய அந்த நெகிழ்வு வேண்டும். ஆனால் அதே நெகிழ்வால் அவை சிறு வெப்பத்திலும் குலையக்கூடும். ஆண்டு முழுதும் பனி மூடிய அன்டார்ட்டிகாவின் போனி ஏரியில் எடுத்த கிளாமிடோமோனாஸ் பாசி, நம் மலையில் இதமான மதியம் என்று நாம் சொல்லும் 24 டிகிரியில் மடியத் தொடங்குகிறது.